இரும்பு மலை கண்ட பெருமகன்

விடுமுறை வந்துவிட்டால் நமக்கு ஊர் நினைவு வந்துவிடுகிறது. மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு இரயிலேறி விடுகிறோம். சன்னலோரத்து இடத்திற்காகப் போட்டியிடுகிறோம். வரும் வழியில் எந்த நிலையத்தில் நல்ல காப்பி கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் நம்மை இரவும் பகலும் சுமந்து செல்லும் தண்டவாளம் எங்கே பிறந்தது என்று எண்ணிப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்?

இந்நாட்டுத் தண்டவாளங்களில் மிகப் பெரும்பகுதி பிலாய் எஃகு ஆலையில் உருவானது. பிலாய் ஆலைக்குப் பல்லாண்டுகளாக இரும்புக்கல் ஈந்தவை தல்லி, ராஜ்ஹரா என்னும் குன்றுகள். அந்தக் குன்றுகளின் இரும்பை 1887-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதிவைத்தவர் ஒரு வங்காளி. அதே மனிதர்தாம் பதினேழு ஆண்டுகள் கழித்து, மயூர்பஞ்ச் நாட்டுக் காட்டில் வேறோர் இரும்பு மலையைக் கண்டு, ஜாம்ஷெட்பூர் நகரம் தோன்ற வழிவகுத்தார். டாட்டாவை அறியாதார் இலர். டாட்டாவுக்கு வழிகாட்டிய பிரமதநாத போஸை அறிந்தார் சிலரே. அவருடைய வாழ்வை இங்கே சுருங்கக் கூறுவோம்.

இளமையும் கல்வியும்

பிரமதநாதர் 1855-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் வங்காளத்தில் கோபர்டாங்காவை அடுத்த கைப்பூர் என்ற சிற்றூரில் பிறந்தார். வயலும் குளமும் சூழ்ந்த ஊர் அது. கிருஷ்ணநகரிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் பயின்றார். 1874-ஆம் ஆண்டு கில்கிறைஸ்ட் உதவித்தொகையை வென்று இலண்டன் சென்றார். அக்காலத்தில் கடல் கடந்து சென்ற நம்மவர்கள் பெரும்பாலும் சட்டம் படித்தனர், அல்லது ஐ.சி.எஸ். தேர்வுக்கு உழைத்தனர். இவரோ அறிவியலை விரும்பினார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்றபின் அரசுச் சுரங்கப் பள்ளியில் சேர்ந்து, பாறைகளையும் புதைபடிவங்களையும் கற்றுத் தேர்ந்தார். சிவாலிக் குன்றுகளில் கிடைத்த பழங்கால விலங்குகளின் எலும்புகளைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரை இலண்டன் நிலவியற் கழகத்தின் இதழிலேயே வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

படிப்போடு அவர் நின்றுவிடவில்லை. இந்தியாவின் நிலை குறித்து இலண்டனில் கூட்டங்களில் பேசினார், எழுதினார். அடிமை நாட்டு மாணவன் ஆளும் நாட்டுத் தலைநகரில் இருந்துகொண்டு இப்படிப் பேசுவது அதிகாரிகளுக்கு உவப்பாக இருந்திருக்க முடியாது. இளைஞருக்கு ஒரு பதவியைத் தந்து விரைவில் ஊருக்கு அனுப்பிவிடுவதே நலம் என்று அவர்கள் கருதினர் என்பர். எப்படியாயினும், 1880-ஆம் ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் அவருக்கு இடம் கிடைத்தது. அத்துறையில் உயர்நிலை அதிகாரியாக அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

1882-ஆம் ஆண்டு ரமேஷ் சந்திர தத்தரின் மகள் கமலாவை மணந்தார். இந்தியாவின் பொருளாதார வரலாற்றை எழுதி, இந்நாட்டுச் செல்வம் எவ்வாறு வெளியே செல்கின்றது என்று உலகுக்குக் காட்டியவர் அந்த மாமனார். நிலத்தின் மேல் போன செல்வத்தை மாமனார் கணக்கெடுத்தார். நிலத்தின் கீழே கிடந்த செல்வத்தை மருமகன் தேடினார்.

காட்டிலும் மேட்டிலும்

நிலவியலாரின் வேலை நாற்காலி வேலையன்று. மழைக்காலம் முடிந்ததும் கூடாரத்தோடும் சுத்தியலோடும் புறப்பட வேண்டும். கோடை முற்றி வெயில் சுடும் வரை நடந்துகொண்டே இருக்க வேண்டும். கண்ட பாறையை எல்லாம் உடைத்துப் பார்த்து, அது எத்திசையில் சாய்ந்திருக்கிறது, எங்கே தொடங்கி எங்கே மறைகிறது என்பதையெல்லாம் படத்தில் குறிக்க வேண்டும். போஸ் இருபத்து மூன்று ஆண்டுகள் இவ்வாறு உழைத்தார். நர்மதைப் பள்ளத்தாக்கிலும், ராய்ப்பூர்ப் பகுதியிலும், டார்ஜிலிங், சிக்கிம் மலைகளிலும், அஸ்ஸாமிலும், பர்மாவின் தெனாசரிம் கரையிலும் அவர் கால் பட்டது.

ராய்ப்பூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியை ஆராய்ந்தபோது அங்கிருந்த இரும்புத் தொழிலை அவர் கூர்ந்து நோக்கினார். களிமண்ணால் எழுப்பிய சிறிய உலை. காலால் மிதித்து ஊதும் தோல் துருத்தி. காட்டு மரத்தின் கரி. குன்றிலிருந்து கூடையில் கொணர்ந்த இரும்புக்கல். இவ்வளவுதான் அந்த ஊர்க் கொல்லர்களின் முதல். ஆயினும் அவர்கள் எடுத்த இரும்பு நல்ல இரும்பு. எந்தக் குன்றின் கல் நல்ல கல் என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். ஏடறியாத அம்மக்களின் அறிவைப் போஸ் எள்ளவில்லை. 1887-ஆம் ஆண்டு அதனைத் துறையின் ஏட்டில் பதிவு செய்தார். தல்லி, ராஜ்ஹரா வட்டாரத்தின் இரும்பு வளத்தையும் எடுத்துரைத்தார். அந்த ஏடு அலுவலகத்து அலமாரியில் ஓய்வெடுத்துக்கொண்டது!

கல் எப்போது செல்வமாகும்?

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இரும்பு எங்கும் இருக்கிறது. செம்மண்ணின் சிவப்பே இரும்பின் சிவப்புத்தான். ஆனால் செம்மண்ணை உலையிலிட்டு யாரும் இரும்பு எடுப்பதில்லை. ஒரு கல்லை இரும்புத் தாது என்று மதிக்க இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். அதன் தரம் என்ன? அதன் இருப்பு எவ்வளவு?

தரம் என்பது முதலாவதாகக் கல்லில் உள்ள இரும்பின் பங்கு. ஹெமடைட் என்னும் செந்நிறத் தாது முற்றும் தூயதாக இருந்தால் நூற்றுக்கு 70 பங்கு இரும்பு இருக்கும். அதற்குமேல் இருக்க இயலாது. எஞ்சியது இரும்போடு கலந்த உயிர்வளி. ஆகவே 60 பங்குக்குமேல் இரும்புள்ள கல் மிக உயர்ந்த கல். பங்கு குறையக் குறைய மணற்சத்து மிகும். அந்த மணற்சத்தை உருக்கிக் கசடாகக் கழிக்கச் சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் மேலும் மேலும் கொட்ட வேண்டும். ஊதுலைக்குத் தீனி கூடும்; இரும்பு குறையும். கல்லில் பாஸ்பரஸ் மிகுந்திருந்தால் எஃகு எளிதில் முறியும். எனவே எவ்வளவு இரும்பு என்பதோடு, இரும்போடு வேறு என்ன கலந்திருக்கிறது என்பதும் தரத்தில் அடங்கும்.

இருப்பு என்பது கையிருப்பு. குன்றின் மேல் ஒரு நல்ல கல் கிடைத்துவிட்டதாலேயே குன்று முழுவதும் நல்ல கல் என்று கொள்ளலாகாது. எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று குழி வெட்டியும் துளையிட்டும் அளந்து, கல்லின் எடையால் பெருக்கினால்தான் இத்தனை டன் என்று சொல்ல முடியும். ஓர் ஆலை எழுப்பக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். பத்தாண்டில் தீர்ந்துபோகும் குன்றை நம்பி யார் அதைப் போடுவார்?

தரமும் இருப்பும் அமைந்தாலும் போதாது. அருகே நிலக்கரி வேண்டும், நீர் வேண்டும், வழி வேண்டும். நம் சேலத்துக் கஞ்சமலையில் இரும்பு உண்டு என்பது நாமெல்லாம் சிறு வகுப்பில் படித்தது. ஆனால் அந்தக் காந்தக் கல்லில் நூற்றுக்கு 35 பங்கு அளவிலேயே இரும்பு. எஞ்சியதில் பெரும்பாலும் படிகக் கல். நிலக்கரியோ அருகில் இல்லை. பரங்கிப்பேட்டையில் 1830-இல் தொடங்கி மரக்கரியை நம்பி நடந்த இரும்பாலை நிலைக்காமற் போனதற்கு எரிபொருள் முட்டுப்பாடும் ஒரு காரணம். மண்ணில் இருப்பது வேறு. மனிதனுக்குப் பயன்படுவது வேறு.

மறுக்கப்பட்ட நாற்காலி

1903-ஆம் ஆண்டு நிலவியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பதவி காலியாயிற்று. போஸ் அப்போது இருபத்து மூன்று ஆண்டு அனுபவம் உடையவர். ஆனால் பதவி தாமஸ் ஹாலந்துக்குச் சென்றது. ஹாலந்து துறையில் சேர்ந்ததே 1890-இல்தான். பணியில் போஸுக்குப் பத்தாண்டு இளையவர்.

உண்மையைச் சொன்னால் ஹாலந்து திறமையற்றவர் அல்லர். நம் பல்லாவரம் குன்றுகளின் பாறையை ஆராய்ந்து, கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையிலும் அதே வகைக் கல் இருந்ததைக் கொண்டு, சார்னகைட் என்று அதற்குப் பெயரிட்டவர் அவரே. உலகின் நிலவியலார் இன்றும் அந்தப் பெயரையே வழங்குகின்றனர். எனினும் இந்தியன் ஒருவன் மூத்தவனாக இருந்தும் தலைமைக்கு வர முடியாது என்ற நிலையை, தன்மானமுள்ள போஸால் ஏற்க முடியவில்லை. முறையிட்டு மன்றாடவில்லை, பணியிலிருந்து விலகினார்.

நாற்பத்தெட்டு வயது. இனி வீட்டில் அமர்ந்து நூல் எழுதிக் காலங்கழிக்கலாம். எழுதும் ஆற்றலும் அவரிடம் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்து நாகரிகத்தின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக அவர் ஏற்கனவே எழுதியிருந்தார். ஆனால் காடு அவரை மீண்டும் அழைத்தது. மயூர்பஞ்ச் மன்னர் ஸ்ரீராம சந்திர பஞ்ச் தேவ் தம் நாட்டின் கனிவளத்தை ஆராயப் போஸை நிலவியலாராக அமர்த்திக்கொண்டார்.

கோருமகிசானி

மயூர்பஞ்ச் இன்று ஒடிசா மாநிலத்தின் வடகோடி மாவட்டம். அந்நாளில் அது தனி அரசு; யானையும் புலியும் உலவிய காடு; சந்தாலியர், ஹோ முதலிய பழங்குடி மக்களின் தாயகம். அங்கும் மலையடியில் சிற்றுலைகள் புகைந்துகொண்டிருந்தன. ராய்ப்பூரில் கண்ட அதே காட்சி! புகையைக் கண்டால் நெருப்பை அறியலாம். சிற்றுலையைக் கண்டால் தாதுவை அறியலாம் என்பது அனுபவம் போஸுக்குக் கற்பித்திருந்த பாடம்.

கோருமகிசானி என்னும் மலையை அவர் ஏறிப் பார்த்தார். ஏறத்தாழ 3000 அடி உயரம். மலையின் உடலே இரும்பு. சரிவுகளில் உருண்டு சிதறிக் கிடந்த கற்களும் இரும்பு. தோண்டாமலே பொறுக்கி எடுக்கும்படி தாது பரந்து கிடந்தது. பின்னர்ச் சோதித்தபோது நூற்றுக்கு 60 பங்குக்கு மேற்பட்ட இரும்பு அதில் இருந்தது.

அந்த ஆண்டுகளில் ஜாம்ஷெட்ஜி டாட்டா எஃகு ஆலைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். அமெரிக்கப் பொறியாளர் பெரினின் துணைவர் வெல்ட் என்பவர் மத்திய மாகாணத்தில் சாந்தா மாவட்டத்தை அலசினார். அங்கே இரும்பு நல்லதாயிருந்தும் போதிய அளவில் இல்லை, நிலக்கரியும் ஏற்றதாயில்லை. மனம் சோர்ந்த ஜாம்ஷெட்ஜியின் மகன் தோராப்ஜி, முயற்சியைக் கைவிடப் போவதாக அரசுக்குச் சொல்ல நாகபுரிக்குச் சென்றார். பார்க்க வேண்டிய அதிகாரி வரும்வரை எதிரிலிருந்த பொருட்காட்சிச் சாலைக்குள் நுழைந்தார். அங்கே ஒரு நிலவியல் படம் தொங்கியது. துர்க் மாவட்டத்தில் இரும்பைக் குறிக்கும் நிறம் அடர்ந்திருந்தது. அந்நிறத்துக்குப் பின்னே இருந்தது போஸின் உழைப்பு! அலமாரியில் உறங்கிய ஏடு சுவரில் விழித்துக்கொண்டது. வெல்ட் தல்லிக் குன்றுக்கு விரைந்தார். தரத்திலும் இருப்பிலும் அது நிகரற்றது என்று கண்டார். ஆனால் நல்ல கோக் கரியும் நீரும் ஒருங்கே அமையவில்லை.

இந்நிலையில்தான், 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், போஸ் ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மயூர்பஞ்சில் மிகச் சிறந்த இரும்பு மலை இருப்பதையும், ஜாரியா நிலக்கரி வயல் தொலைவில் இல்லை என்பதையும் அறிவித்தார். தனக்கு வரவேண்டிய பதவி போன வருத்தத்தில் அவர் தாம் கண்டதை மறைத்து வைக்கவில்லை. விலைபேச ஓர் அயல்நாட்டுக் குழுவையும் நாடவில்லை. இந்தியர் எழுப்பும் ஆலைக்கு இந்தியன் கண்ட தாது பயன்படட்டும் என்று வழங்கினார்.

ஜாம்ஷெட்ஜி அதே ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் காலமானார். ஆயினும் மைந்தர் முயற்சியைத் தொடர்ந்தார். 1905-இல் பெரினும் வெல்டும் மயூர்பஞ்ச் வந்து, மலையை ஆராய்ந்து வியந்தனர். தல்லியின் கல் இதனினும் தரத்தில் சற்று உயர்ந்ததாக இருக்கலாம். ஆனால் நிலக்கரிக்கும் கல்கத்தாத் துறைமுகத்துக்கும் அண்மை என்ற சிறப்பு கோருமகிசானிக்கே இருந்தது. தராசு மயூர்பஞ்ச் பக்கம் சாய்ந்தது.

ஊர் எழுந்தது

1907-இல் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி பதிவாயிற்று. சுவர்ணரேகையும் கர்காயும் கூடும் இடத்தில், சாக்சி என்ற சிற்றூரில், 1908-இல் வேலை தொடங்கியது. கோருமகிசானி அங்கிருந்து ஏறத்தாழ 45 மைல். மலைக்கும் ஆலைக்கும் இடையே இருப்புப்பாதை போடப்பட்டது. 1911 டிசம்பரில் ஊதுலையிலிருந்து முதல் இரும்பு ஓடியது. 1912 பிப்ரவரியில் முதல் எஃகு வார்க்கப்பட்டது. டாட்டாக்கள் தண்டவாளம் செய்தால் அதனைத் தானே தின்றுவிடுவதாக ஆங்கில இரயில்வே அதிகாரி ஒருவர் ஏளனம் செய்தார் என்று ஒரு கதை உண்டு. சில ஆண்டுகளில் முதல் உலகப் போர் மூண்டது. மெசப்பொட்டேமியாவில் ஆங்கிலப் படைக்கு வேண்டிய தண்டவாளம் அதே ஆலையிலிருந்துதான் சென்றது! 1919-இல் சாக்சி, ஜாம்ஷெட்பூர் ஆயிற்று. நம் தமிழ்க் குடும்பங்களும் அங்கே குடியேறிப் பிழைத்தன.

கைவிடப்பட்ட தல்லியும் ராஜ்ஹராவும் அரை நூற்றாண்டு காத்திருந்தன. விடுதலைக்குப் பின் சோவியத் நாட்டின் துணையோடு பிலாயில் ஆலை எழுந்தது. 1959-இல் அதன் முதல் ஊதுலை எரியத் தொடங்கிற்று. போஸ் 1887-இல் எழுதியது எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் எஃகாயிற்று.

ஆசிரியரும் சிந்தனையாளரும்

கனியைக் கண்டு சொன்னால் மட்டும் போதாது, அதனைக் கையாளும் இளைஞர் வேண்டும் என்பதைப் போஸ் உணர்ந்திருந்தார். அறிவியற் கல்வியும் தொழிற்கல்வியும் பரவ வேண்டும் என்று பல்லாண்டுகள் உழைத்தார். சுதேசி இயக்கம் வங்காளத்தில் கொழுந்துவிட்ட 1906-ஆம் ஆண்டில் வங்காளத் தொழிற்கல்விக் கழகம் தோன்றியபோது அதன் முதல் முதல்வராய் அமர்ந்தார். அந்த விதையே வளர்ந்து 1955-இல் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகமாயிற்று.

முதுமையில் அவர் இராஞ்சியில் வாழ்ந்தார். அப்போது அவர் எழுதிய நூல்கள் நம்மைச் சிந்திக்க வைப்பவை. ஆலை வேண்டும், தொழில் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் முழங்கியவர், மேனாட்டு நாகரிகத்தின் பொருள் வேட்கையைக் கண்டித்து எழுதினார். தேவைகளைப் பெருக்கிக்கொண்டே போவது வளர்ச்சியாகாது என்றார். இது முரண்பாடு அல்லவா என்று சிலர் கேட்கலாம். முரண்பாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆலையின் வாயிலை அறியாதவன் ஆலையைப் பழிப்பதற்கும், அதன் அடிக்கல்லுக்கே கல் தேடிக் கொடுத்தவன் அதன் எல்லையைச் சுட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. மலைக்கு உரிய மக்களின் சிற்றுலைகள் அணைந்துபோனதை அவர் காலத்திலேயே காண முடிந்தது. அவர்கள் அறிவே முதல் வழிகாட்டியாக இருந்தும், மலையின் செல்வம் அவர்கள் தலைக்கு மேலே வண்டியேறிச் சென்றது.

1934-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் பிரமதநாதர் இராஞ்சியில் மறைந்தார்.

நமக்கு ஒரு சொல்

கோருமகிசானியின் பெருமைக் காலம் கடந்துவிட்டது. ஜாம்ஷெட்பூர் ஆலை நோவாமுண்டி, ஜோடா முதலிய சுரங்கங்களை நாடிச் சென்று நெடுநாளாயிற்று. தல்லி ராஜ்ஹராவின் நல்ல கல்லும் தீர்ந்து வருவதால், பிலாய் இராவ்காட் குன்றுகளை நோக்கியிருக்கிறது. காடு திருத்திப் பயிர் செய்தால் மறு ஆண்டும் விளையும். தாது அவ்வாறன்று, ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். இருப்பு என்ற சொல்லிலேயே ஒருநாள் இல்லாமற் போவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே தேடுவது எத்துணை முக்கியமோ, அளவறிந்து எடுப்பதும், எடுத்த இடத்து மக்களுக்கு உரியதைக் கொடுப்பதும் அத்துணை முக்கியம்.

நண்பர்களே! நாமும் ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கிறோம். மதிப்பெண்ணும் பதவியும் நமக்கு உரிய நேரத்தில் வந்து சேரும் என்ற உறுதியில்லை. போஸின் தரத்தை ஓர் அலுவலகம் அளந்தது, குறைத்து அளந்தது. ஆனால் அவருடைய இருப்பு அந்த அளவுகோலுக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது. நாற்காலி கிடைத்திருந்தால் அவர் கல்கத்தாவில் கோப்புகளில் கையெழுத்திட்டுக்கொண்டு இருந்திருப்பார். கிடைக்காததால் மலையேறினார்.

அடுத்த விடுமுறையில் இரயிலேறும்போது காலுக்குக் கீழே தடதடக்கும் ஓசையைச் சற்றே உற்றுக் கேளுங்கள். அதில் ஒரு சுத்தியலின் ஓசையும் கலந்திருக்கிறது.